எந்த ரோபோ சிறந்தது?

சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சைக்கிள் மெலிந்த சட்டமும் ஒல்லியான டயரும் கொண்டது. மிதித்தால் காற்றாய்ப் பறக்கும். ஆனால் பின்னால் ஓர் அரிசி மூட்டையை வைத்தால் தள்ளாடிப் போகும். இன்னொரு சைக்கிளுக்குக் கனத்த சட்டம், அகலமான கேரியர். மூட்டையை ஏற்றினாலும் அசையாது. ஆனால் மேட்டில் ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்கும். இவற்றில் எது சிறந்த சைக்கிள்?

அனுபவமுள்ள கடைக்காரர் இதற்கு உடனே பதில் சொல்ல மாட்டார். "எதற்காக வாங்குகிறாய், தம்பி?" என்று திருப்பிக் கேட்பார்.

சைக்கிளுக்குப் பதிலாக மாடி வீட்டு உயரமுள்ள போர் ரோபோக்களை வைத்து இதே கேள்வியைப் பல நாட்டு இளைஞர்கள் வாதாடி வருகிறார்கள். 'ஆர்மர்டு கோர்' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். அவர்களுடைய வாதத்துக்குள் நல்ல அறிவியல் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்போமா?

அலுவலகத்திலிருந்து போர்க்களத்துக்கு

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் 1986-இல் தொடங்கப்பட்டது ஃபிரம் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். ஆரம்பத்தில் அலுவலகங்களுக்கான கம்ப்யூட்டர் நிரல்களை அது எழுதிக் கொடுத்தது. 1994-இல்தான் தனது முதல் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1997-இல், பிளேஸ்டேஷன் என்ற கருவிக்காக 'ஆர்மர்டு கோர்' விளையாட்டைக் கொண்டுவந்தது. இதன் ரோபோக்களை வடிவமைத்தவர்களில் ஒருவர், 'மாக்ரோஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரால் புகழ்பெற்ற ஷோஜி கவமோரி.

பிறகு இந்த வரிசையில் பல விளையாட்டுகள் வந்தன. 2013-க்குப் பின் நீண்ட இடைவெளி. பத்து ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களுக்கு 2023 ஆகஸ்டில் 'ஆர்மர்டு கோர் 6' கிடைத்தது. பழைய ரசிகர்களும் புதியவர்களும் ஒரே களத்தில் இறங்கினார்கள். கருத்து மோதலும் தொடங்கியது.

பன்னிரண்டு பொருத்திடங்கள்

இந்த விளையாட்டில் முழு ரோபோவை யாரும் உங்களுக்குக் கொடுப்பதில்லை. நீங்களே பூட்டிக்கொள்ள வேண்டும். தலை, உடல், கைகள், கால்கள் என நான்கு உறுப்புகள். இரு கைகளிலும் இரு தோள்களிலுமாக நான்கு ஆயுதங்கள். உள்ளே உந்துபொறி, மின்னாக்கி, குறிபார்க்கும் கருவி என மூன்று. ஆபத்தில் உதவும் தனிக் கருவி ஒன்று. ஆக மொத்தம் 12 பொருத்திடங்கள்.

கால்களில் மட்டுமே எத்தனை வகை! மனிதனைப் போன்ற இரண்டு கால். பறவையைப் போல் பின்னோக்கி மடங்கி, உயரத் தாவும் கால். காற்றில் மிதந்து நிற்க உதவும் நான்கு கால். கனத்தைத் தாங்கும் டாங்கிக் கால். டாங்கிக் காலுக்குத் தனி உந்துபொறி தேவையில்லை. அது காலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு பொருத்திடத்துக்கும் 5 வகைப் பாகங்கள்தாம் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வெவ்வேறு ரோபோக்கள் செய்யலாம்? ஐந்தைப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். விடை 24,41,40,625. அதாவது 24 கோடிக்கும் மேல்! ஒரு ரோபோவைச் சோதிக்க ஒரு நிமிடம் என்றால், ஊண் உறக்கமின்றிச் சோதித்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 464 ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் விளையாடுபவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? கணக்குப் போட்டுத்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எடை உண்டு. கால்களுக்குச் சுமை வரம்பு உண்டு. ஒவ்வொரு பாகமும் மின்சாரத்தைத் தின்கிறது. மின்னாக்கி தருவதோ ஓர் அளவுதான். மின்சாரத் தேவை வரம்பை மீறினால் ரோபோ களத்துக்குப் புறப்படவே முடியாது. கனமான கவசம் அடிகளைத் தாங்கும். ஆனால் வேகத்தைக் குறைக்கும். வேகம் வேண்டுமென்றால் கவசத்தை இழக்க வேண்டும். பெரிய துப்பாக்கி வேண்டுமென்றால் அதைச் சுமக்கும் கை வேண்டும். அந்தக் கையைச் சுமக்கும் கால் வேண்டும். இவையெல்லாம் இயங்க மின்னாக்கி வேண்டும். அந்த மின்னாக்கிக்கும் எடை உண்டு!

ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுப்பது: விமானம் கட்டுபவரும் பாலம் கட்டுபவரும் நாள்தோறும் செய்யும் வேலை இதுதான்.

இரண்டு கட்சிகள்

இனி விளையாடியவர்களின் கருத்துகளுக்கு வருவோம்.

ஒரு கட்சியினர் வேகப் பிரியர்கள். அடிபடாமல் விலகுவதுதான் சிறந்த கவசம் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சியினர் டாங்கிப் பிரியர்கள். பத்து அடி வாங்கினாலும் நின்று, திருப்பி அடிப்பதுதான் வெற்றி என்பார்கள். இரு கட்சியிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள். எனவே இரு கட்சியும் தன் அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டுகிறது.

ஆறாம் விளையாட்டின் நிலைகுலைவு முறையைப் பற்றியும் வாதம் உண்டு. குண்டுகள் தொடர்ந்து தாக்கினால் ரோபோ ஒரு கட்டத்தில் நிலைகுலைந்து நின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் விழும் அடிக்குப் பலம் அதிகம். சமயம் பார்த்து அடிக்கும் திறமைக்கு இது பரிசு என்றார்கள் சிலர். ஒரேயடியாய்ப் பலமாகத் தாக்கும் ஆயுதங்களுக்கே இது சாதகம். நிதானமாய்ச் சுடும் துப்பாக்கிகளுக்கு மதிப்பில்லாமல் போகிறது என்றார்கள் வேறு சிலர்.

இந்தக் குறையில் பொருள் இருந்தது. சிம்மர்மேன் என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கியைக் கைக்கு ஒன்றாக இரண்டு ஏந்தி வருபவர்கள் பெருகினார்கள். கோடிக்கணக்கான ரோபோக்களைச் செய்ய வழியிருந்தும், எதிரே வந்தவை ஒன்றுபோலவே இருந்தால் சலிப்புத் தட்டாதா? தயாரிப்பாளர்கள் விளையாட்டைத் திருத்தினார்கள். 2023 செப்டம்பர் திருத்தத்தில் ரைஃபிள்கள் சிலவற்றின் ஆற்றலைக் கூட்டினார்கள். பின்னர் வந்த திருத்தங்களில் சிம்மர்மேனின் ஆற்றல் குறைந்தது. ஒரே ரோபோ எல்லாரையும் வென்றால் மற்ற பாகங்கள் வெறும் அலங்காரம் ஆகிவிடும் அல்லவா?

பால்டியஸ் கற்பித்த பாடம்

முதல் அத்தியாயத்தின் முடிவில் பால்டியஸ் என்ற எதிரி காத்திருக்கிறது. உடலைச் சுற்றி ஒளிக் கவசம். கொத்துக் கொத்தாய் ஏவுகணைகள். இதனிடம் திரும்பத் திரும்பத் தோற்றவர்கள் ஏராளம். "இது அநியாயம்" என்று பலர் குறைகூறினார்கள்.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. தோற்றவுடன், மறுபடி தொடங்குமுன் ரோபோவின் பாகங்களை மாற்றிக்கொள்ளலாம். வேண்டாத பாகத்தைக் கடையில் விற்றால் வாங்கிய விலையே திரும்பக் கிடைக்கும். அதாவது, சோதனைக்குச் செலவில்லை.

சிலர் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பல்ஸ் துப்பாக்கி என்ற ஓர் ஆயுதம் உண்டு. பல சண்டைகளில் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் ஒளிக் கவசத்தை உடைக்க அதுவே தகுந்த கருவி. அதை மாட்டிக்கொண்டு போனவர்களுக்குப் பால்டியஸின் கவசம் விரைவில் உடைந்தது. வேறு சிலர் டாங்கிக் கால்களோடு போய், அடியை வாங்கியபடியே வென்று வந்தார்கள். ஒரே பூட்டு; இரண்டு சாவிகள்!

'மோசமான ஆயுதம்' என்று ஒதுக்கப்பட்டது, இடம் மாறியதும் நல்ல ஆயுதமாகிவிட்டது. ஆயுதம் மாறவில்லை. கேள்விதான் மாறியது.

2023 செப்டம்பரில் வந்த திருத்தம் பால்டியஸையும் ஓரளவு எளிதாக்கியது. புதியவர்கள் மகிழ்ந்தார்கள். முன்பே போராடி வென்றவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். தாங்கள் ஏறிய மலையின் உயரத்தை யாரோ குறைத்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது.

யார் சொல்வதை நம்புவது?

ஒரு கருத்தைக் கேட்கும்போது அதன் பின்னால் இருக்கும் நிலைமையையும் கேட்க வேண்டும். எதிரியிடம் மாட்டிக்கொண்டு தவிப்பவர் உரக்கக் குறைகூறுவார். எளிதில் வென்றவரோ சத்தமின்றி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். குறைகளை மட்டும் எண்ணினால் எதிரியை வெல்லவே முடியாது என்று தோன்றும். வென்றவர்களை மட்டும் கேட்டால் எதிரி வெறும் பொம்மை என்று தோன்றும். இரண்டும் முழு உண்மை அல்ல.

இன்னொரு தவறும் உண்டு. ஒருவர் காலையும் துப்பாக்கியையும் மின்னாக்கியையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார், வெல்கிறார். உடனே "புதிய கால்தான் காரணம்" என்கிறார். எப்படித் தெரியும்? துப்பாக்கியாகவும் இருக்கலாம். அதே எதிரியோடு இருபது முறை மோதியதில் கை பழகிவிட்டதாகவும் இருக்கலாம். சோதனைக்கூடத்தில் நாம் செய்வதைப்போல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு முறையல்ல, பல முறை பார்க்க வேண்டும்.

உண்மையில் இது நடக்குமா?

"கால்களுக்கு ஏன் இந்தச் சுமை வரம்பு?" என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. இயற்கையின் விதி இந்த விளையாட்டைவிடக் கண்டிப்பானது!

உயரம் 1.7 மீட்டர், எடை 60 கிலோ உள்ள ஒருவரை எல்லாப் பக்கமும் 6 மடங்கு பெரிதாக்குவோம். உயரம் 10.2 மீட்டர் ஆகிறது. எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் வளர்வதால் 6 × 6 × 6 = 216 மடங்கு; ஏறக்குறைய 13 டன். ஆனால் காலின் குறுக்குப் பரப்பு 6 × 6 = 36 மடங்குதான் வளர்கிறது. எனவே காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 6 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். உங்களைப் போல் ஐந்து பேரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதற்கு இது சமம்! உருவம் பெருகும்போது வலிமை ஏன் அதே அளவில் பெருகுவதில்லை என்பதை 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலீலியோ விளக்கியிருக்கிறார்.

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 18 மீட்டர் உயரமும் 25 டன் எடையும் கொண்ட 'குண்டம்' ரோபோவை 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை மக்கள் கண்டு களித்தார்கள். அது கையை அசைத்தது, காலைத் தூக்கியது. ஆனால் தானாக நடந்து செல்லவில்லை. பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கி அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நோட்டில் ஒரு போர்க்களம்

வீடியோ விளையாட்டுக் கருவி உங்களிடம் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

உங்களுக்கு 12 புள்ளிகள். அவற்றை வேகம், கவசம், தாக்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டு, நண்பருக்குக் காட்டாமல் எழுதுங்கள். நண்பரும் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். மூன்றில் இரண்டில் யாருடைய எண் பெரிதோ அவர் ரோபோ வென்றது.

மூன்று ரோபோக்களைப் பார்ப்போம்.

நிதானன்: வேகம் 4, கவசம் 4, தாக்குதல் 4.
வேகன்: வேகம் 6, கவசம் 3, தாக்குதல் 3.
கவசன்: வேகம் 5, கவசம் 5, தாக்குதல் 2.

நிதானனும் வேகனும் மோதினால் கவசத்திலும் தாக்குதலிலும் நிதானன் முந்துகிறான், வெற்றி அவனுக்கே. வேகனும் கவசனும் மோதினால் வேகத்திலும் தாக்குதலிலும் வேகன் முந்துகிறான். அப்படியானால் கவசன்தான் மூவரிலும் மட்டமா? அவனை நிதானனோடு மோதவிடுங்கள். வேகத்திலும் கவசத்திலும் கவசன் முந்தி வென்றுவிடுகிறான்! ஒருவரை ஒருவர் வட்டமாகத் துரத்துகிறார்கள்.

புள்ளிகளை முழு எண்களாகப் பங்கிட மொத்தம் 91 வழிகள் உள்ளன. அவற்றில் எவராலும் வெல்ல முடியாத ஒன்று இருக்குமா? தேடிப் பாருங்கள். கிடைக்காது. காரணம் எளிது. எந்த ரோபோவை நீங்கள் காட்டினாலும், அதன் மிகப் பெரிய எண்ணிலிருந்து 2 புள்ளிகளை எடுத்து மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்தால் அதை வெல்லும் ரோபோ தயார். 12 புள்ளிகளை மூன்றாகப் பங்கிடும்போது மிகப் பெரிய எண் 4-க்குக் குறையாது. ஆகவே இந்த உத்தி ஒருபோதும் தோற்காது. இவ்வகை ஆட்டங்களைப் பற்றி 1921-இலேயே எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எமில் போரெல்.

வேகப் பிரியர்களும் டாங்கிப் பிரியர்களும் ஏன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா? இரு சாராரும் பொய் சொல்லவில்லை. அவரவர் எதிரே நின்ற எதிரி வேறு.

இனி யாராவது உங்களிடம் "எது சிறந்தது?" என்று கேட்டால், அந்தச் சைக்கிள் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். "எதற்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.