கழுத்து நெறியில் ஓர் ஊசி

கழுத்தில் நெறி கட்டியவரோடு வரும் அம்மாவோ மனைவியோ முதலில் கேட்பது இதைத்தான்: "ஊசி குத்தினா கட்டி பரவிடாதா டாக்டர்?" அப்படி நடப்பது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. எஃப்என்ஏசி என்று சீட்டில் எழுதித் தருகிறார்களே, அதற்கான ஊசி ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததல்ல. கட்டியை இரண்டு விரலால் அசையாமல் பிடித்து, ஊசியைச் செலுத்தி, சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைத்தால் போதும், ஊசித் துளைக்குள் செல்கள் ஏறிவிடும். சிரிஞ்சில் ஒன்றுமே வரவில்லையே என்று பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஊசிக்குள் நிற்கும் ஒரு துளிதான் எங்களுக்கு வேண்டியது.

அந்தத் துளியைக் கண்ணாடி ஸ்லைடுகளில் மெல்லியதாகப் பரப்புகிறோம். சிலவற்றை ஈரம் காயும் முன் 95 சதவீத ஆல்கஹாலில் போடுகிறோம். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு கீம்சா சாயம் ஏற்றுகிறோம். ஸ்லைடின் ஒரு முனை சொரசொரப்பாக இருக்கும். நோயாளியின் பெயரும் எண்ணும் அங்கே பென்சிலால்தான் எழுதப்பட வேண்டும். பேனாவால் எழுதினால் மை ஆல்கஹாலில் கரைந்துபோகும், ஸ்லைடு யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். பார்கோடு ஒட்டும் பெரிய ஆய்வகங்களிலும் அந்தப் பென்சில் எழுத்தை நான் விடமாட்டேன்.

இனி மைக்ராஸ்கோப். நம் ஊரில் கழுத்து நெறி வாரக்கணக்கில் கரையாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோயை. நுரையீரலுக்கு வெளியே அது மிக அதிகமாகத் தங்கும் இடம் நிணநீர் முடிச்சுகள்தான். காசநோய்க் கிருமி உள்ளே நுழைந்ததும் உடம்பு செய்வது, ஊருக்குள் புகுந்த திருடனை ஊரே திரண்டு வளைத்துக்கொள்வது போன்ற வேலை. அந்த வளையத்துக்குப் பெயர் கிரானுலோமா. குரல் கொடுத்து ஆளைக் கூட்டுவது சிடி4 என்ற வெள்ளையணு. வளையமும் அதன் நடுவே அழுகிக் கரைந்த திசுவும் தெரிந்தால், பெரும்பாலும் காசநோய் என்று தைரியமாக எழுதலாம்.

எச்ஐவி தாக்குவது அந்தச் சிடி4 அணுவைத்தான். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அது 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் கூப்பிட ஆளில்லை, வளையம் கட்டப்படுவதில்லை. ஸ்லைடில் சீழ் மட்டும் தெரியும், அல்லது அதுகூட இல்லாமல் நுரைத்தாற்போல் வெளிறிய செல்கள் கிடக்கும். பாடப்புத்தகக் காசநோயைத் தேடுபவர், 'சாதாரணச் சீழ்க்கட்டி' என்று எழுதி அனுப்பிவிடக் கூடும். உண்மையில் அந்த ஸ்லைடில்தான் கிருமி மலிந்திருக்கும். கீம்சா சாயம் காசநோய்க் கிருமியின் மேல் ஒட்டாது. அதனால் நீல ஊதாப் பின்னணியில், சாயமே ஏறாத மெல்லிய வெள்ளைக் கோடுகள் செல்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அதைக் கவனித்துவிட்டால் அடுத்த ஸ்லைடை எடுத்து ஜீல்-நீல்சன் சாயம் போடுவோம். சிவப்புச் சாயத்தைச் சூட்டோடு ஏற்றி, அமிலத்தால் கழுவி, மேலே நீலம் பூசுவது அந்த முறை. அமிலம் மற்ற எல்லாவற்றின் சிவப்பையும் எடுத்துவிடும், காசநோய்க் கிருமியின் சிவப்பை எடுக்காது. எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவரின் ஸ்லைடில் ஒரு கிருமிக்காக நெடுநேரம் தேட வேண்டியிருக்கும். இங்கேயோ பார்க்கும் இடமெல்லாம் சிவப்புக் குச்சிகள். சாயத்தில் தெரியாவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. சாயத்தில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவிக்குச் சுமார் 130 போதும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் அது இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ஊசியில் வந்த மிச்சத் துளியை அதற்கும் அனுப்பலாம்.

ஆனால் இந்தச் சந்தேகமெல்லாம் எழ வேண்டுமானால், சீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். 'கழுத்துக் கட்டி, டிபியா?' என்று மட்டும் எழுதி வரும் சீட்டுகள்தான் அதிகம். எச்ஐவி இருப்பது தெரிந்தும் எழுதாமல் விடுகிறார்கள். காரணம் அலட்சியமல்ல, பயம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு பெண்களுக்கு எச்ஐவி இருப்பது வேலூர் சிஎம்சி ஆய்வகத்தில் தெரியவந்தது, நாட்டிலேயே முதன்முதலாக. அன்று தொடங்கிய ஒதுக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, வார்டு முழுக்கத் தெரியவைத்த காலத்தை நோயாளிகள் மறக்கவில்லை. அப்படி எழுதுவதால் ஊழியருக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை. கையுறையும் ஊசியை அப்புறப்படுத்தும் ஒழுங்கும் எல்லா நோயாளியிடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை எச்ஐவி பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது. வைத்தியத்துக்காக அதை அறிய வேண்டியவர்களில் ஸ்லைடு பார்ப்பவரும் ஒருவர், பில் கவுண்டரில் இருப்பவர் அல்லர். ஆய்வகக் கணினி உருப்படியாக உதவ வேண்டிய இடம் இதுதான். கேட்புச் சீட்டில் மருத்துவர் பதியும் நோய் விவரம் ஸ்லைடு பார்ப்பவரின் திரைக்கு மட்டும் வரவேண்டும், யார் எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவும் நிற்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து நடத்தும் ஆய்வகத்தில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விஷயத்தில் நான் சமரசத்துக்குத் தயாரில்லை.

கணினியால் இன்னொரு பெரிய பயனும் உண்டு: பழைய ஸ்லைடைத் தேடி எடுப்பது. எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து இருந்தால், காசநோய் மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் எச்ஐவிக்கான கூட்டு மருந்தையும் (ஏஆர்டி) தொடங்கிவிடுவதுதான் இன்றைய முறை (மூளைக் காசநோய்க்கு மட்டும் பொறுத்துத் தொடங்குவார்கள்). இரண்டும் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு அடங்கியிருந்த நெறி திடீரென்று வீங்கும், வலிக்கும், காய்ச்சலும் வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏஆர்டி மையத்துக்கு உடனே போங்கள். மருந்து சரியாக உள்ளே போகிறதா, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததா, வேறு நோய் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அதே கட்டியில் மறுபடி ஓர் ஊசி. அந்த இரண்டாவது ஸ்லைடையும், நோயாளியின் எண்ணை வைத்துத் தேடி எடுத்த முதல் ஸ்லைடையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல நேரம் விஷயம் விளங்கிவிடும். முதலாவதில் கிருமி மட்டும். இரண்டாவதில் கிருமி குறைந்து, அன்று இல்லாத கிரானுலோமாக்கள் கட்டியிருக்கும். சிடி4 திரும்பி வருகிறது, வீக்கம் அதனால் வந்தது, மருந்தை நிறுத்தத் தேவையில்லை என்று மருத்துவருக்கு எழுதி அனுப்புவோம்.