சுரப்பிகளின் கதை – 5: கேப்டனின் ஏழாவது அறுவை

சென்ற வாரம் தைராய்டைப் பார்த்தோம். அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கு இந்த வாரம் வருவோம். பெரும்பாலோருக்கு இவை நான்கு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் என்பதால் அக்கம்பக்கத்துக் கொழுப்பிலிருந்து பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இவையே. கால்சியம் குறைந்தால் கைகால் இழுத்துக்கொள்ளும். சுரப்பு மிஞ்சினால் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வரும். சிறுநீரகத்தில் கல்லாகப் படியும்.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இந்தச் சுரப்பியை முதலில் கண்டார். மனித உடலில் இதை முறையாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம். ஆண்டு 1880. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த காட்சி வியன்னா. ஆல்பர்ட் என்ற டிராம் வண்டி ஊழியருக்கு எலும்பெல்லாம் வலி. தொடை எலும்பும் முறிந்திருந்தது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் பாராதைராய்டு வீங்கியிருப்பதை மருத்துவர்கள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். எலும்பு நோயைச் சமாளிக்கத்தான் சுரப்பி வளர்கிறது என்பது அந்த ஊரின் பெரிய நோய்க்கூறியல் அறிஞர் ஜேக்கப் எர்ட்ஹைமின் கருத்து. அதை நம்பிய அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல், ஆல்பர்ட்டுக்குச் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டை எடுத்துப் பதித்தும் பார்த்தார். பலன் இல்லை. அப்படியானால் சுரப்பிதான் நோய்க்குக் காரணமோ? 1925 ஜூலையில் கழுத்தைத் திறந்து, வளர்ந்திருந்த கட்டியை அகற்றினார். ஆல்பர்ட்டின் வலி குறைந்தது, மறுபடி நடமாடினார். குருவாக மதித்தவரின் கோட்பாட்டைக் கண்முன் கிடந்த நோயாளிக்காகத் திருப்பிப் போட்ட இந்தத் துணிவை, அந்த அறுவையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி ஆல்பர்ட் இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டன் குறுகிக்கொண்டே வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தவர், முதுகெலும்புகள் நசுங்கிச் சுமார் 7 அங்குல உயரத்தை இழந்தார். எலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன. நோய் இன்னதென்று நியூயார்க்கில் டுபுவா என்ற மருத்துவர் கண்டறிந்தார். 1926-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கழுத்தை இருமுறை திறந்தார்கள். கிடைத்தவை நல்ல சுரப்பிகள், கட்டியைக் காணோம். இப்படியே ஆறு அறுவைகள் வீணாயின.

மார்ட்டெல் சோர்ந்து படுத்துவிடவில்லை. மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறியல் படித்தார். கருவில் கீழ்ப்பக்கப் பாராதைராய்டு, தைமஸ் சுரப்பியோடு சேர்ந்தே கழுத்தில் இறங்கி வருகிறது. சிலருக்கு அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நெஞ்சுவரை போய்விடும். ‘நெஞ்சைத் திறந்து பாருங்கள்’ என்று மருத்துவர்களை வற்புறுத்தியவர் அவரேதான்.

அந்தப் பாஸ்டன் மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சில், ஆலிவர் கோப் என்ற இரு அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள். கோப் அதற்கு முன் பிணவறையில் உடல் உடலாக அறுத்து, பாராதைராய்டை அடையாளம் காணப் பழகியிருந்தார். 1932-இல் ஏழாவது அறுவை. மார்பெலும்பைப் பிளந்தார்கள். இதயத்துக்கு மேலே, பெரிய ரத்தக்குழாய்களின் அருகே, சுமார் 3 சென்டிமீட்டர் கட்டி இருந்தது. கால்சியம் அடியோடு சரிந்துவிடக் கூடாதென்று ரத்த ஓட்டத்தோடு ஒரு துண்டை விட்டுவிட்டு, மீதியை எடுத்தார்கள். அப்படியும் சில நாட்களில் இழுப்பு வந்தது. பல ஆண்டுகளாகப் பறிகொடுத்த கால்சியத்தை எலும்புகள் ரத்தத்திலிருந்து வேகவேகமாக இழுத்துக்கொண்டதே காரணம். சில வாரங்களில், சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்கு அறுவை செய்ததை ஒட்டிக் கேப்டன் இறந்துபோனார்.

இன்று கட்டி எங்கே இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே அல்ட்ராசவுண்டும் செஸ்டமிபி ஸ்கேனும் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ரத்தத்தில் பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனை அளக்கிறார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் தையல் போடலாம். மேலை நாடுகளில் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே கால்சியம் கூடியிருப்பது தெரிந்து, எந்தத் தொல்லையும் தொடங்கும் முன்பே பலர் அறுவைக்கு வருகிறார்கள். நம் நாட்டில் இன்னமும் பலர் எலும்பு முறிந்தோ, கல் திரும்பத் திரும்ப வந்தோதான் வருகிறார்கள். இது எனக்குப் பெரிய ஆதங்கம். வைட்டமின் டி குறைவும் சேர்ந்துகொள்வதால் அறுவைக்குப் பின் அவர்களின் எலும்புகளும் அந்தக் கேப்டனின் எலும்புகளைப் போலவே கால்சியத்தை உறிஞ்சும். ரத்தக்குழாய் வழியே கால்சியம் ஏற்றியபடி, தினமும் ரத்தத்தைப் பரிசோதித்துப் பல நாட்கள் வார்டிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

(தொடரும்)