வெள்ளீயமும் அதன் குறியீடும்

இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணவன் மூலகங்களின் குறியீடுகளை மனனஞ் செய்யுங்கால் ஓரிடத்தில் மயங்கி நிற்பது இயல்பு. ஒட்சிசனுக்கும் காபனுக்கும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களே குறியீடுகளாக அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் 'ரின்' எனப்படும் வெள்ளீயத்துக்கோ 'எஸ்', 'என்' என்னும் இரண்டெழுத்துக்கள் வழங்குகின்றன. இவை எங்கிருந்து வந்தன? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் உரோமாபுரிக்குச் சென்று, நமது அடுக்களைக்கே திரும்பி வருவர்.

மூலகங்களை எழுத்துக்களாற் குறிக்கும் முறையை 1813, 1814ஆம் ஆண்டுகளில் வகுத்தளித்தவர் சுவீடன் தேசத்து அறிஞர் பேர்சீலியஸ் ஆவார். அவருக்கு முன்னர் டால்ற்றன் என்பார் வட்டங்களையும் புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டு மூலகங்களைக் குறித்தார். அவற்றை எழுதுவதும் அச்சிடுவதும் எளிதாயிருக்கவில்லை. பேர்சீலியஸ், எந்நாட்டவர்க்கும் பொதுவாயிருக்கத்தக்க இலத்தீன் பெயர்களையே தெரிந்தெடுத்தார். வெள்ளீயத்தின் இலத்தீன் பெயர் 'ஸ்தன்னம்'. 'எஸ்' என்னும் முதலெழுத்தைக் கந்தகம் பெற்றது. அந்திமனியின் இலத்தீன் பெயராகிய 'ஸ்திபியம்' என்பதும் ஸ்தன்னத்தைப் போலவே 'எஸ்', 'ரி' என்னும் எழுத்துக்களுடன் தொடங்குகின்றது. ஆகவே, மயக்கம் நேராவண்ணம் 'எஸ்' உடன் 'என்' சேர்க்கப்பட்டது.

இனி, அந்த இலத்தீன் பெயரின் வரலாறே சுவை மிக்கது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர் 'ஸ்தன்னம்' என்று குறித்தது வெள்ளீயத்தையன்று; வெள்ளியும் காரீயமுங் கலந்த கலப்புலோகத்தையே. வெள்ளீயத்தை அவர் 'வெண் பிளம்பம்' என்றும், காரீயத்தைக் 'கரும் பிளம்பம்' என்றும் வழங்கினார். கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் ஸ்தன்னம் என்ற பெயர் வெள்ளீயத்துக்கு உரியதாயிற்று. பிளம்பம் என்ற பெயரோ காரீயத்தோடு நின்றது. காரீயத்தின் குறியீடும் அதனின்றே பிறந்தது. ஆக, வெள்ளீயம் இன்று சூடியிருப்பது வேறொரு பொருளிடமிருந்து பெற்ற பெயரையே!

உரோமர் கண்ட வண்ணமே தமிழரும் இவ்விரு உலோகங்களையும் ஓரினமாகக் கண்டு, நிறத்தால் வேறுபடுத்தினர். ஈயம் ஒன்று, வெண்மையுடையது வெள்ளீயம், கருமையுடையது காரீயம். இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 பாகை சதமவளவிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். எனினும் அவை வெவ்வேறு மூலகங்கள். வெள்ளீயத்தின் அணுவெண் 50, காரீயத்தினது 82.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதொன்றன்று. பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் 'ஈயம்' பூசுவது நமது பழைய வழக்கம். ஸ்தன்னத்தைப் பூசினால் உணவின் சுவை கூடும், களிம்பின் நஞ்சு அடங்கும் எனப் பிளினியும் எழுதியுள்ளார். நம்மவர் பூசும் அவ்வீயம் வெள்ளீயமே. தமிழகத்தார் இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தாலானதே. தகரப்பேணியின் இரும்புத் தகட்டைத் துருவினின்று காப்பதும் அதுவே. காரீயமோ கொடிய நஞ்சு. புளிப்புள்ள உணவிலே அது கரையும். உடலிற் சேர்ந்து, சிறப்பாகக் குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும். ஈயம் என்ற ஒரே சொல்லின் மறைவில் காரீயங் கலந்த பாத்திரம் வீட்டினுள் நுழையுமாயின், விளையும் கேடு சிறிதன்று.

ஆகவே, 'வெள்' என்னும் அடைமொழியை வெறும் அலங்காரமெனக் கருதி விட்டுவிடலாகாது. உணவையும் நஞ்சையும் பிரித்து நிற்கும் வேலி அது. குறியீட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதனோடு இவ்வேறுபாட்டையும் எடுத்துரைப்பாராயின், மாணவன் பெறும் அறிவு பரீட்சையோடு முடிந்துவிடாது. அவனது இல்லத்தையும் காக்கும்.