கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் கடல் கடந்த உழைப்பாளரும்

நம் கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ இளைஞர்கள் பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்கின்றனர். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர் முதலிய மாவட்டங்களில் துபாயிலோ, குவைத்திலோ, சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளை ஒருவரேனும் இல்லாத ஊரைக் காண்பது அரிது. அவர்கள் அனுப்பும் பணத்தினால் கிணறு ஆழமாகிறது. கூரை வீடு ஓட்டு வீடாகிறது. தங்கையின் திருமணம் நடந்தேறுகிறது. புறப்படும் நாளன்று ஊறுகாய் முதல் காய்ச்சல் மருந்து வரை பெட்டியில் எடுத்து வைக்கும் நாம், முக்கியமான செய்தி ஒன்றை மட்டும் சொல்லியனுப்பத் தவறிவிடுகிறோம். அவசரத்திற்குக் கைகொடுக்கும் என்று நாம் நம்பியிருக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள், நாட்டின் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதே அச்செய்தி. அது ஏன், அதற்கு மாற்று யாது, ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கட்டணம் செலுத்துபவர் யார்?

கட்டணமில்லா எண் என்பது நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தின் எண் 1800 180 1551. நெற்பயிரில் குருத்துப்பூச்சி கண்டதும் இவ்வெண்ணை அழைத்து யோசனை கேட்ட விவசாயிகள் பலர் உண்டு. அழைத்தவருக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால், செலவே இல்லாமல் தொலைபேசி பேசுவதும் இல்லை. அழைக்கப்படுகிறவரே கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பொருள். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 800 என்று தொடங்கும் எண்களாக இம்முறை வழக்கத்திற்கு வந்தது. பிறகு பல நாடுகளும் தத்தம் எல்லைக்குள் இதனைப் பின்பற்றின. நம் நாட்டில் 1800 என்று தொடங்கும் எண்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இதனைத் தபாலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். சில நிறுவனங்கள், "தபால் தலை ஒட்டத் தேவையில்லை, கட்டணத்தைப் பெறுபவர் செலுத்துவார்" என்று அச்சிட்ட பதில் அட்டைகளை நமக்கு அனுப்புவதுண்டு. அதனை நம் ஊர்த் தபால் பெட்டியில் போட்டால் உரிய இடத்திற்குப் போய்ச் சேருகிறது. ஏனெனில், அந்நிறுவனம் நம் நாட்டுத் தபால் துறையோடு உடன்பாடு செய்திருக்கிறது. அதே அட்டையைத் துபாயில் ஒரு தபால் பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? அந்நாட்டுத் தபால் துறைக்கு நம் நிறுவனத்தோடு யாதொரு உடன்பாடும் இல்லை. கட்டணம் யாரிடம் வசூலிப்பது என்று தெரியாத அட்டையை அது விமானத்தில் ஏற்றி அனுப்பக் கடமைப்பட்டதன்று.

1800 எண்ணின் நிலையும் இதுவே. உண்மையில் அவ்வெண்ணுக்கென்று தனிக் கம்பி எதுவும் இல்லை. நாம் அதனை அழைத்ததும், நம் நாட்டுத் தொலைபேசி அமைப்பிலுள்ள கணிப்பொறி, அதற்குப் பின்னால் இருக்கும் சாதாரண எண் எது என்று பார்த்து, அழைப்பை அங்கே திருப்பிவிடுகிறது. கட்டணத்தை அந்நிறுவனத்தின் கணக்கில் எழுதுகிறது. வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனத்திற்கோ இந்தக் கணக்கில் உரிமை இல்லை. ஆகவே அது அழைப்பைத் தன் வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. அல்லது நம் நாட்டின் வாயிலில் அது ஏற்கப்படாமல் போகிறது. நம் நாட்டுச் சிம் கார்டை ரோமிங் வசதியோடு எடுத்துச் சென்றவர்களுக்கும் பெரும்பாலும் இதே அனுபவம்தான். ஒருகால் தொடர்பு கிடைத்தாலும் ரோமிங் கட்டணம் தனியே விழும்.

ஒரே எண், வேறு நாடு

இன்னொரு குழப்பமும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தந்த நாட்டுக் கட்டணமில்லா எண்கள் 1800 என்றே தொடங்குகின்றன. அங்கே இருப்பவர் நம் வங்கியின் 1800 எண்ணை அப்படியே அழுத்தினால், அது அந்நாட்டு எண்ணாகவே கொள்ளப்படும். அழைப்பு தோல்வியுறலாம், அல்லது சம்பந்தமில்லாத ஓரிடத்தில் மணி அடிக்கலாம். 108, 1100, 1930 முதலிய குறுகிய எண்களும் நம் நாட்டிற்குள் மட்டுமே பொருளுள்ளவை. 1860 என்று தொடங்கும் எண்களோ இலவசமானவையே அல்ல. உள்நாட்டிலேயே அழைப்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து அவற்றையும் நம்பியிருத்தல் கூடாது.

உலகம் முழுவதற்கும் பொதுவான கட்டணமில்லா எண் கிடையாதா என்று சிலர் கேட்கலாம். உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அத்தகைய எண்களை வழங்குகிறது. அவை +800 என்று தொடங்கி, அதன்பின் 8 இலக்கங்கள் கொண்டவை. ஆயினும், அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் எந்தெந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களோடு உடன்பாடு செய்துள்ளதோ, அந்தந்த நாடுகளில் மட்டுமே அது செல்லும். நம் மக்கள் அன்றாடம் நாடும் அலுவலகங்களில் இதனைக் காண்பது அரிது.

ஓர் இரவில் நேரக்கூடிய இழப்பு

இது வெறும் தொலைபேசி விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. குவைத்தில் கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை இரவு 8 மணிக்குக் கடைத்தெருவில் அவருடைய பணப்பை தொலைந்துபோகிறது. அதில் ஊர் வங்கியின் ஏடிஎம் கார்டும் இருக்கிறது. கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த உதவி எண் கார்டோடு போய்விட்டது. நினைவிலிருந்த 1800 எண்ணை அழைக்கிறார்; கிடைக்கவில்லை. முன்னால் 91 சேர்த்து அழைக்கிறார்; அப்போதும் கிடைக்கவில்லை. அந்நேரம் நம் ஊரில் இரவு 10.30 மணி, வங்கிக் கிளை பூட்டிக் கிடக்கிறது. விடிவதற்குள் ஓராண்டுச் சேமிப்பு கரைந்துபோகக் கூடும்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கை இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் பறிபோனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் ஏற்படும் நஷ்டம் அவரைச் சாரும். தெரிவித்தபின் ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்று அதில் வகுக்கப்பட்டது. வாடிக்கையாளர், வங்கி ஆகிய இருவர் மீதும் தவறில்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த மோசடியாயின், வங்கியிலிருந்து செய்தி வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நஷ்டம் இல்லை என்றும் கூறப்பட்டது. ஆக, எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோம் என்பதில்தான் பணம் நிற்பதும் போவதும் இருக்கிறது. சரியான எண் ஒன்று கைவசம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் காரியம் இது.

செய்யத்தக்க வழிகள்

முதலாவது வழி, ஒவ்வொரு கட்டணமில்லா எண்ணுக்கும் பக்கத்தில் அதே அலுவலகத்தின் சாதாரண எண்ணையும் எழுதிக்கொள்வது. பெரும்பாலான வங்கிகள் வெளிநாட்டிலிருந்து அழைப்போருக்கென்று இத்தகைய எண் ஒன்றை வைத்திருக்கின்றன. அது 044, 080, 022 போன்ற ஊர்க் குறியீட்டோடு தொடங்கும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது முதலிலுள்ள 0 என்பதை நீக்கிவிட்டு, +91 சேர்க்க வேண்டும். சென்னையின் 044 என்பது +91 44 ஆகும். கைப்பேசி எண்ணாயின் 10 இலக்கங்களுக்கு முன் +91 சேர்த்தால் போதும். இதற்குச் சர்வதேச அழைப்புக் கட்டணம் உண்டு என்பது உண்மையே. எனினும் ஆபத்துக் காலத்தில் சில நிமிடக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்குவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

நம் மாநில அரசே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, இந்தியாவிற்குள் அழைப்போருக்கு 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணையும், வெளிநாட்டிலிருந்து அழைப்போருக்கும் மிஸ்டு கால் கொடுப்போருக்கும் +91 80 6900 9900, +91 80 6900 9901 ஆகிய எண்களையும் தனித்தனியே அறிவித்திருக்கிறது. ஊரிலுள்ள மனைவியோ தந்தையோ முதல் எண்ணைச் செலவின்றி அழைக்கலாம். கடல் கடந்திருப்பவர் மற்ற இரண்டையும் பயன்படுத்தலாம். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் பயனில்லை.

இரண்டாவது வழி, தாம் இருக்கும் நாட்டின் கட்டணமில்லா எண்ணை அறிந்துகொள்வது. ஐக்கிய அரபு நாடுகளில் இந்தியத் தொழிலாளருக்காக நடைபெறும் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரத்தின் எண் 800 46342. சம்பளம் கிடைக்காதவரும், பாஸ்போர்ட்டை இழந்தவரும் அந்நாட்டிற்குள்ளிருந்து இதனைக் கட்டணமின்றி அழைக்கலாம். ஆனால், நம் கிராமத்திலிருந்து இவ்வெண்ணை அழைத்துப் பலன் எதிர்பார்க்கலாகாது. எல்லைக் கட்டுப்பாடு இரு பக்கமும் உண்டன்றோ? மற்ற நாடுகளுக்குச் செல்வோர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, தொலைபேசியை மட்டுமே நம்பியிராமல், வங்கியின் செயலியில் கார்டை நிறுத்தி வைக்கும் முறையைப் புறப்படுமுன் கிளைக்குச் சென்று கற்றுக்கொள்வது. மின்னஞ்சல் முகவரியையும் பெற்றுக்கொள்வது நன்று. முன்பெல்லாம் ஸ்கைப் வழியாகக் கட்டணமில்லா எண்களை அழைக்கலாம் என்று சிலர் யோசனை கூறுவர். அச்சேவை 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. இணையவழிப் பேச்சுக்குச் சில வளைகுடா நாடுகளில் தடைகளும் உண்டு. ஆகையால் அதனை மட்டும் நம்பிப் புறப்படுதல் கூடாது.

நேர வேறுபாட்டையும் மனத்திற்கொள்ள வேண்டும். துபாய் நேரம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி பின்னும், குவைத், கத்தார், சவூதி அரேபியா இரண்டரை மணி பின்னும், சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னும் உள்ளன. இரவும் பகலும் இயங்கும் எண் எது, அலுவலக நேரத்தில் மட்டும் இயங்குவது எது என்று பிரித்து எழுதிக்கொள்வது நலம்.

போலி எண்களிடம் எச்சரிக்கை

சரியான எண் கையில் இல்லாதவர் பதற்றத்தில் இணையத்தில் தேடுகிறார். அங்கே வங்கியின் பெயரில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைத்திருப்பதுண்டு. அவர்கள் அன்பாகப் பேசி, ஓடிபி எண்ணையும் இரகசிய எண்ணையும் கேட்டுப் பெற்று, எஞ்சியிருப்பதையும் எடுத்துக்கொள்கின்றனர். எந்த வங்கியும் இவ்வெண்களைத் தொலைபேசியில் கேட்பதில்லை. வங்கிப் புத்தகத்திலோ, கிளையிலோ, வங்கியின் சொந்த இணையதளத்திலோ கண்ட எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். உதவி செய்வதாக எண்ணி ஊரிலுள்ள உறவினருக்குக்கூட இரகசிய எண்ணைச் சொல்லுதல் ஆகாது.

ஊராட்சி செய்யக்கூடியது

இப்பணிக்குப் பெரும் செலவோ தனித் திட்டமோ தேவையில்லை. கிராம சபைக் கூட்டங்களில் பத்து நிமிடம் ஒதுக்கி, உறுப்பினர் ஒருவர் இச்செய்தியை எடுத்துரைக்கலாம். ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் "உள்நாட்டிலிருந்து அழைக்க" என்றும், மற்றொன்றில் "வெளிநாட்டிலிருந்து அழைக்க" என்றும் தலைப்பிட்டு, துறையின் எண்களையும் அவ்வூர் வங்கிகளின் எண்களையும் எழுதி வைக்கலாம். எண்கள் மாறக்கூடியவையாதலால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவற்றை அழைத்துச் சரிபார்ப்பது அவசியம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை வீடுதோறும் கொண்டுசேர்க்க முடியும். ஏனெனில், கணவனோ மகனோ அயல்நாட்டிலிருக்கும் குடும்பங்களில் ஆபத்துச் செய்தி முதலில் வந்து சேர்வது பெண்களிடமே.

வெளிநாடு செல்வோர் இவ்வெண்களை ஒரு தாளில் எழுதி, ஒரு படியைப் பணப்பையில் அல்லாமல் பெட்டியிலும், மற்றொரு படியை வீட்டிலும் வைக்க வேண்டும். கைப்பேசி தொலைந்தாலும் தாள் இருக்கும். தாள் தொலைந்தாலும் வீட்டில் ஒரு படி இருக்கும். புறப்படும் பிள்ளைக்குத் திருநீறிட்டோ துஆச் செய்தோ ஜெபித்தோ வழியனுப்பும் நம் குடும்பங்கள், அந்தத் தாளையும் அவன் பெட்டியில் வைத்தனுப்பட்டும். ஊராட்சி உறுப்பினர்கள் அதற்கு வழிகாட்டுவார்களாயின், தொலைவிலிருக்கும் உழைப்பாளர் ஆபத்து நேரத்தில் அழைக்கும் குரலுக்கு மறுமுனையில் பதில் கிடைக்கும்.