பகலில் வேலை; இரவில் கச்சேரி!

மதுரைச் சீமையின் பாட்டுக் குழுக்கள் பட்ட பாடும், பெற்ற பேரும்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மைக்செட் கட்டாத தெரு இராது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி - எங்கே போனாலும் அம்மன் கோவில் பொங்கல்தான். பகலில் முளைப்பாரியும் மாவிளக்கும். இரவில் பாட்டுக் கச்சேரி.

ஊர்ப் பொட்டலில் பந்தல் போட்டிருப்பார்கள். பெண்கள் பாயை விரித்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவார்கள். குழந்தைகள் மேடைக்கு அடியில் தூங்கும். மேடையில் வர்ண விளக்கு. பளபளப்பான சட்டை போட்ட ஒருவர் சினிமாப் பாட்டைப் பாடுவார். இன்னொருவர் தபேலா தட்டுவார். கூட்டம் சீட்டி அடிக்கும்.

அந்தப் பாடகர் யார் தெரியுமா? காலையில் ஜவுளிக் கடையில் துணி அளந்தவராக இருக்கலாம். தபேலாக்காரர் தையற்காரராக இருக்கலாம். கிதார் வாசிப்பவர் பள்ளிக்கூட வாத்தியாராகவோ, ஆட்டோ ஓட்டுகிறவராகவோ இருக்கலாம். பாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குச் சோறு போடுவது வேறு வேலை. பாட்டு அவர்களுக்கு ஆசை. ஆசைக்கும் செலவு உண்டு அல்லவா? அந்தச் செலவின் கதைதான் இது.

பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள்

இப்படி ஊர் ஊராகப் போய்ப் பாடிய குழு ஒன்றை இன்று உலகமே அறியும். அதன் பெயர் "பாவலர் பிரதர்ஸ்".

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அந்த நாளில் அது மதுரை மாவட்டம். 1996-ல் தேனி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. அந்த ஊரில் பிறந்தவர் பாவலர் வரதராசன். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடியவர். பாட்டு கட்டுவதில் கெட்டிக்காரர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் விலைவாசியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தம் சொற்களைப் போட்டுப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் சொற்கள் உடனே மனதில் ஏறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மறுநாள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வயலுக்குப் போகலாம்.

அவருக்குத் தம்பிகள் உண்டு. பாஸ்கர், ராசையா, அமர். இந்த ராசையாதான் பிற்காலத்து இளையராஜா. அமர்தான் கங்கை அமரன்.

ஒரு நாற்காலிக்காக நடந்த பாட்டு

1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சிக்கு வந்தது. முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. சட்டசபையில் இடங்கள் 126. கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரவு தந்த சுயேச்சைகள் 5 பேர். மயிரிழை என்பார்களே, அப்படிப்பட்ட பெரும்பான்மை!

இந்த நிலையில் தேவிகுளம் தொகுதியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. வென்றிருந்தவர் ரோசம்மா புன்னூஸ் என்ற அம்மையார். 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. ஓர் இடம் போனாலும் மந்திரிசபைக்கு ஆபத்து என்ற பயம்.

தேவிகுளம், மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளத்தில் பேசி என்ன பயன்? தமிழ்ப் பாட்டு வேண்டும். பாவலரைக் கூப்பிட்டார்கள்.

மலை ஏறப் புறப்பட்ட அண்ணனுடன் தம்பி ராசையாவும் போனார். அப்போது அவருக்கு வயது 14, 15 இருக்கும். அண்ணன் பாட, தம்பி பெண் குரலில் கூடப் பாடினார். தோட்டத்து லயன் வீடுகளில் குடியிருந்த ஜனங்கள் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

பாட்டால் மட்டுமே ஓட்டு விழுந்துவிடாது என்பது சரிதான். ஆனால் கூட்டம் கூடினால்தானே பேச்சைக் கேட்பார்கள்? கூட்டத்தைக் கூட்டியது பாட்டு.

குரல் உடைந்தது

பெண் குரலில் பாடும் பையன் ஒரு குழுவுக்குப் பெரிய சொத்து. அந்தக் காலத்தில் மேடையில் பாட வரும் பெண்கள் குறைவு. ஜோடிப் பாட்டு வேண்டும் என்றால் பையன்தான் பாட வேண்டும்.

ஆனால் அந்தச் சொத்துக்குத் தவணை உண்டு. மீசை அரும்பும் வயதில் குரல் உடையும். நேற்றுவரை எட்டிய சுருதி இன்று எட்டாது. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் பிசிறும். ராசையாவுக்கும் அது வந்தது. பெண் குரல் போய்விட்டது. குழுவில் இனி அவருக்கு என்ன வேலை?

ஆர்மோனியம் இருந்தது. அண்ணனின் ஆர்மோனியம். சின்னப் பையன் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அண்ணன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தொண்டை கைவிட்டபோது விரல் கைகொடுத்தது.

கைதட்டலைப் பற்றியும் அவர் சொல்வதுண்டு. பிரபலமான சினிமாப் பாட்டை வாசித்தால் கூட்டம் கைதட்டும். தன் வாசிப்புக்குத்தான் இவ்வளவு கைதட்டல் என்று முதலில் நினைத்தாராம். பிறகு யோசித்துப் பார்த்தால், மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விசுவநாதன்! கைதட்டல் அவருக்கல்லவா போக வேண்டும்? கச்சேரி மேடை ஏறும் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் ஒருநாள் வரும். பலர் அதைச் சட்டை செய்வதில்லை. இவர் சட்டை செய்தார். சொந்தமாக மெட்டுப் போட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

இதே வருஷங்களில் கடல் கடந்தும் இப்படி ஒரு கூட்டம் அலைந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துப் பையன்கள் ஐந்து பேர், 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வாசிக்கப் போனார்கள். குடிகாரர்கள் நிறைந்த விடுதிகளில் இரவெல்லாம் வாசிப்பு. படுக்கை ஒரு சினிமாக் கொட்டகையின் பின்புற அறை. அவர்களில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்று போலீசார் கண்டுபிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! பிற்காலத்தில் "பீட்டில்ஸ்" என்று உலகப் புகழ் பெற்றது அந்தக் குழுதான்.

ரேடியோப் பெட்டி 400 ரூபாய்

பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்குப் பக்கத்து அல்லிநகரத்தில் ஒரு சிநேகிதர். நாடகப் பைத்தியம். அவர்தான் பாரதிராஜா. அவருடைய நாடகங்களுக்கு இவர்கள் வாத்தியம் வாசிப்பார்கள். எல்லோருக்கும் சென்னை மேல் கண்.

1968-ல் சென்னைக்குப் புறப்பட்டார்கள். கையில் பணம் இல்லை. தாயார் சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியை விற்றார். 400 ரூபாய் கிடைத்தது. தமக்கென்று ஒரு காசுகூட வைத்துக்கொள்ளாமல் அத்தனையும் பிள்ளைகளிடம் கொடுத்தார் என்று இளையராஜா நன்றியுடன் சொல்வார். பாட்டைக் கேட்கும் பெட்டியை விற்றுப் பாட்டுப் போடப் பிள்ளைகளை அனுப்பிய தாய்!

சென்னையிலும் உடனே சினிமா திறந்துவிடவில்லை. அங்கேயும் கச்சேரிதான் கஞ்சி ஊற்றியது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் சகோதரர்கள் வாசித்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜா மேல்நாட்டு இசை படித்தார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

ஆனால் ஒன்று. அந்தப் படம் வருவதற்கு முன்பே, 1973-ல், பாவலர் வரதராசன் காலமாகிவிட்டார். தம்பியை மேடை ஏற்றிய அண்ணன் தம்பியின் பேரைச் சினிமாத் திரையில் பார்க்கவில்லை. பிற்பாடு தம்பிகள் படக் கம்பெனி தொடங்கியபோது அதற்குப் "பாவலர் கிரியேஷன்ஸ்" என்று பெயர் வைத்தார்கள்.

வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ்

ஒரு குழு ஜெயித்தது. பெயர் தெரியாமல் போனவை எத்தனையோ! அவர்களுடைய பாடு எப்படி?

கச்சேரி பேசுவது ஊர்க் கமிட்டி. வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுப்பார்கள். மீதி கச்சேரி முடிந்த பிறகு. இந்த "முடிந்த பிறகு" என்ற சொல்லில்தான் பலருடைய கண்ணீர் இருக்கிறது. நள்ளிரவில் வாத்தியங்களைக் கட்டிவிட்டுப் பொருளாளரைத் தேடினால் ஆளைக் காணோம். வரி வசூல் குறைவு, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அடுத்த வாரம் போகப் பஸ் காசு யார் கொடுப்பது?

வேன் வாடகை முதலில் எடுத்தாக வேண்டும். பிறகு ஒலிபெருக்கிக்காரர். பிறகு வெளியிலிருந்து அழைத்து வந்த பாடகி. மீதியைத்தான் குழுவினர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். குழுத் தலைவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து வாசிப்பவர்களைச் சமாதானம் செய்வதும் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த கச்சேரிக்கு டிரம்ஸ்காரர் வேறு குழுவுக்குப் போய்விடுவார்.

பாடகியின் பாடு இதைவிடக் கடினம். வேனில் இரவுப் பயணம். உடை மாற்ற மறைவிடம் இராது. துணைக்குத் தாயாரையோ தம்பியையோ அழைத்து வர வேண்டும். மேடையில் சிரித்துப் பாடினால் ஊரில் ஒரு பேச்சு. கூட்டத்திலிருந்து நோட்டை நீட்டிக்கொண்டு மேடை ஏறுகிறவர்களைச் சிரித்த முகம் மாறாமல் தள்ளி நிறுத்தத் தெரிய வேண்டும். குரல் வளத்தைவிட இந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் கூலி அதிகம் தர வேண்டும்!

துண்டுச் சீட்டுகள் இன்னொரு தலைவலி. "இந்தப் பாட்டைப் பாடவும்" என்று எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். ஒரு நடிகரின் பாட்டைப் பாடினால் மற்ற நடிகரின் ரசிகருக்குக் கோபம். ஒரு தெருவைப் புகழும் பாட்டைப் பாடினால் அடுத்த தெருவுக்குக் கோபம். கல் விழுந்து கச்சேரி நின்ற ஊர்களும் உண்டு. அனுபவசாலியான குழுத் தலைவர் முதலில் சாமி பாட்டு பாடுவார். கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். சீட்டுகளைப் படித்துவிட்டு, வம்பு தருகிற சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

ஆனாலும் ஏன் போகிறார்கள்? காசு கணக்குப் பார்த்தால் விளங்காது. பொட்டலில் இரண்டாயிரம் பேர் மூச்சுவிடாமல் கேட்கும்போது, வல்லிசையும் மெல்லிசையும் ஒன்றுகூடி ஒரு பாட்டு சரியாக அமைந்துவிட்டால், அன்று இரவு அந்தத் தையற்காரர் ராஜா. "ஒன்ஸ்மோர்" என்ற சத்தம் காதில் ஒரு மாதம் ஒலிக்கும்.

பத்து மணிக்கு மேல் பாட்டில்லை

மதுரைக்கு விடிய விடிய மேடை பழக்கம். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கே பாலர் நாடக சபை தொடங்கினார். ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தனித்தனி ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே சேர்ந்து நடிப்பார்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், "ஆல்ரவுண்டு" வாசிப்பவர் எல்லோரும் அப்படியே. கோழி கூவும் நேரத்தில்தான் வள்ளிக்குக் கல்யாணம் நடக்கும்.

2000-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில சர்க்கார் வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை சலுகை தரலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டாமா? விதி நியாயமானதுதான். ஆனால் சாமி ஊர்வலம் முடிந்து மேடை ஏறவே 9 மணி ஆகும் ஊர்களில், குழுவுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். சம்பளத்தைக் குறைக்க அது ஒரு காரணமாகிவிட்டது.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காமல் கமிட்டியார் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. ஆபாசம் கூடாது, ஜாதியைத் தூண்டும் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளுடன் அனுமதி வாங்கி வருவார்கள். தீர்ப்பு வரும்வரை கச்சேரி உண்டா இல்லையா என்று தெரியாமல் குழு காத்திருக்கும்.

மேடைக்குள்ளேயும் மாறுதல். முன்பு பத்துப் பேர் வாசித்த இடத்தில் கீபோர்டு ஒன்று வந்தது. வயலின், புல்லாங்குழல், எல்லாச் சத்தமும் அதிலேயே வரும். அதன் பிறகு பதிவு செய்த வாத்திய இசையை ஓடவிட்டு, குரலை மட்டும் சேர்க்கும் "டிராக்" முறை வந்தது. கமிட்டிக்குச் செலவு குறைவு. தபேலாக்காரருக்கு வேலை இல்லை. சில ஊர்களில் வாத்தியங்களை மேடையில் வைத்துவிட்டு, வாசிப்பதுபோல் கையை ஆட்டச் சொல்கிறார்கள். தாளம் தெரிந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

2020-ல் கொரோனா வந்தது. அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்தது. வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலும் செல்போனிலும் பார்த்தார்கள். 2021 சித்திரையிலும் பக்தர்களுக்கு இடமில்லை. பங்குனி முதல் ஆடி வரை சம்பாதித்து வருஷம் பூராவும் கடன் அடைக்கிறவர்களுக்கு இரண்டு சீசன் கைநழுவியது.

2022-ல் திருவிழாக்கள் திரும்பின. குழுக்களும் திரும்பின. இரவு 10 மணிக்குப் போலீஸ்காரர் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டுவார். இன்னும் ஒரே பாட்டு என்று தலைவர் விரலைக் காட்டுவார். அந்தப் பாட்டு முடிந்ததும் ஒயர்களைச் சுருட்டி, டிரம்ஸை உறையில் போட்டு, கமிட்டி தந்த புளியோதரைப் பொட்டலத்துடன் வேன் ஏறுவார்கள். மதுரை வந்துசேர நள்ளிரவு தாண்டிவிடும். ஜவுளிக் கடை காலை 9 மணிக்குத் திறக்கிறது.