நாடாவில் அலை, வட்டில் எண்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு காலத்தில் ஒலிநாடாக் கடைகளிலிருந்து எழும் தமிழ்ப் பாட்டு, நடந்து செல்பவரையும் நிற்க வைக்கும். அன்று வாங்கிய நாடாக்கள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன.

ஒலி, காற்றில் எழும் அதிர்வு. ஒலிவாங்கி அதனை ஏறி இறங்கும் மின்னலையாக மாற்றுகிறது. நாடாவில் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடுத் துகள்களில் அவ்வலையின் வடிவமே காந்தப் பதிவாகிறது. இது அனலாக் முறை.

இலக்கவியல் முறையில் அலையின் உயரம் அளக்கப்பட்டு எண்ணாகப் பதிவாகிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டில், வினாடிக்கு 44,100 அளவுகள் பதிவாகின்றன. இடையில் உள்ளவை விடுபட்டுப் போகாவா? வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவிக்கு எட்டாது. அதனைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்தால், கேட்கும் அலையை முழுமையாக மீட்டுவிடலாம். ஒலிபெருக்கிக்குச் செல்லுமுன் எண்கள் மீண்டும் மின்னலையாகின்றன. நம் செவி எண்ணைக் கேட்பதில்லை அல்லவா!

நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். எண்களைச் சரியாகப் படியெடுத்தால் அவை மாறுவதில்லை. ஆனால், ஒலி அளவு மிகும்போது நாடா மெல்லத் திணறும்; இலக்கவியல் பதிவோ அலையின் முகட்டையே வெட்டிவிடும். நாடாவின் ஒலி இதமானது என்பாரின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

நம் நாட்டின் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை படரும். திரைப்பாடல் போனால் வேறிடத்தில் கிடைக்கும். பாட்டி பாடிய தாலாட்டைப் பதிந்த நாடா உலகில் ஒன்றே ஒன்றுதான். கணினிக்கு முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.