மறுக்கப்பட்ட சிலை

நூலொன்று இயற்றிய புலவன் அதனை அறிஞர் கூடிய அவையிலே அரங்கேற்றுதல் பண்டைத் தமிழர் மரபு. அரங்கேற்றம் என்னும் சொல் இக்காலத்திலே நாட்டியம் பயின்ற சிறுமியரின் முதல் மேடைக்கே பெரிதும் வழங்குகின்றது. முற்காலத்திலோ அது புலவனுக்கு வந்த சோதனையின் பெயராய் இருந்தது. தொல்காப்பியர் தம் நூலை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்கு உரைத்தார் என்பதை அந்நூலின் பாயிரத்தால் அறிகின்றோம். அவ்வாசான் எடுத்துக்காட்டிய குற்றங்கள் அனைத்துக்கும் தொல்காப்பியர் விடை கூறினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு சொல்லுவர். அவ்வரலாறு எத்துணை உண்மை என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் நிற்க. அதனுள் அமைந்த முறையொன்று நம் கருத்துக்கு உரியது. தடை சொல்வோன் வாய்திறந்து தடையைச் சொல்லல் வேண்டும். நூல் செய்தோன் விடை சொல்லல் வேண்டும். இரண்டையும் அவை கேட்டல் வேண்டும்.

சொல்லாற் செய்த நூலுக்கு இம்முறை வேண்டுமாயின், கல்லாலும் செம்பாலும் சுதையாலும் செய்து ஊர்நடுவே நிறுத்தும் கலைக்கு அது பன்மடங்கு வேண்டும். விரும்பாத நூலை மூடி வைத்துவிடலாம். நாற்சந்தியிலே நிற்கும் சிலையை மூடிவைத்தல் இயலுமோ? சந்தைக்குப் போவோனும் பள்ளிக்குப் போவோனும் நாள்தோறும் அதன் முன்னே கடந்து செல்லல் வேண்டும். ஆதலின் பொதுவிடத்துக் கலைக்கு ஊராரின் இசைவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்விசைவு மறுக்கப்படும்போது கலைஞன் என் செய்வான், ஊர் என் செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதற்குப் பிரான்சு நாட்டுச் சிற்பி ஒகுஸ்த் ரோடினின் வாழ்க்கையினும் பொருத்தமான சான்றை நான் அறியேன்.

ரோடின் தமிழர்க்கு முற்றும் அயலவர் அல்லர். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ள நடராசர் திருமேனிகளைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டார். கண்ட வியப்பிலே 1913ஆம் ஆண்டளவில் அவற்றைப் பற்றி எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1921இல் அவ்வெழுத்து ஒரு பிரெஞ்சு வெளியீட்டில் அச்சேறியது. கொழும்பிலே பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரையும் அதே வெளியீட்டில் இடம்பெற்றது. சோழநாட்டுக் கம்மியன் வார்த்த செம்பிலே உயிரின் அசைவைக் கண்ட அக்கண்கள், தம் சொந்த நகரத்தார் தம் சிலைகளை மறுத்துத் தள்ளுவதையும் பலகாலம் கண்டவை.

1840இல் பிறந்த ரோடின், பாரிசின் அரசினர் கலைக்கல்லூரியிற் சேர மூன்றுமுறை முயன்றார், மூன்றுமுறையும் தோற்றார். 1879இல் பாரிசு நகரின் காவற்போரை நினைவுகூரும் சிலைக்கு ஒரு போட்டி நிகழ்ந்தது. ரோடின் அனுப்பிய மாதிரி முதற்சுற்றிலேயே தள்ளப்பட்டது. பாரியாஸ் என்னும் சிற்பியின் சிலை தெரிந்தெடுக்கப்பட்டது. இன்று வானளாவிய கட்டடங்கள் நிறைந்து விளங்கும் 'லா தெஃபான்ஸ்' என்னும் வணிகப்பகுதி அச்சிலையாலே பெயர் பெற்றது. தள்ளுண்ட ரோடினின் மாதிரியோ, பெரிதாக்கப்பட்டு, அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1920இல் வெர்தன் நகரிலே நினைவுச் சின்னமாயிற்று.

கலே நகரத்தார் 1347ஆம் ஆண்டின் முற்றுகையிலே ஊரைக் காக்கத் தம் உயிரைக் கொடுக்க முன்வந்த பெருமக்கள் அறுவர்க்கு நினைவுச் சின்னம் வேண்டினர். ரோடின் வடித்த அறுவரும் கழுத்திலே கயிறுடன், துயரும் அச்சமும் சுமந்து நடந்தனர். குழுவினர் இதனை விரும்பிலர். வீரர்க்குரிய பெருமிதம் எங்கே என்று வினவினர். ரோடின் உருவங்களின் இயல்பை மாற்றவில்லை. அவற்றை மக்களோடு மக்களாய் நிலமட்டத்தில் நிறுத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்துக்களுள் ஒன்று. 1895இல் நகரத்தார் அவற்றை உயர்ந்த பீடத்தில் ஏற்றி வேலியும் இட்டனர். தாழ்ந்த பீடத்துக்கு அவை இறங்கியது 1924இல்; அப்பொழுது சிற்பி உயிரோடு இல்லை. விக்டர் ஹியூகோவுக்காக அவர் அமைத்த முதல் மாதிரியும் 1890இல் மறுக்கப்பட்டது.

இவையெல்லாம் முன்னுரை எனலாம். பேரிடி பின்னரே விழுந்தது.

பிரான்சின் எழுத்தாளர் சங்கம் 1838இல் தோன்றியது. நாவலாசிரியர் பால்சாக் அதன் முன்னோடிகளுள் ஒருவர், தலைவராகவும் இருந்தவர். 1850இல் மறைந்த அவருக்குச் சிலை எடுக்கச் சங்கம் விழைந்தது. எமில் சோலா தலைவராய் இருந்த 1891ஆம் ஆண்டிலே அப்பணி ரோடினிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினெட்டு மாதத்தில் முடிப்பதாக அவர் வாக்களித்தார். ஆயின் முடிந்ததோ ஏழாண்டில். தாமதத்துக்குச் சோம்பல் காரணமன்று. பால்சாக்கின் சொந்தப் பகுதிக்குச் சென்று அவ்வூர் மாந்தரின் முகங்களைப் பயின்றார். அவருக்கு ஆடை தைத்த முதிய தையற்காரரைத் தேடிப்பிடித்து, பழைய அளவிலே ஆடை தைப்பித்தார். தலைகளும் உடல்களுமாகப் பல மாதிரிகள் செய்தார். இறுதியிலே அனைத்தையும் ஒரு நீண்ட அங்கியால் மூடினார். பால்சாக் இரவெல்லாம் விழித்து எழுதும்போது துறவியர் அங்கி போன்றதொன்றை அணிவது வழக்கம். அவ்வங்கியினுள்ளே உடல் ஒரு பாறைபோல் பின்சாய்ந்து நிற்க, தலைமட்டும் நிமிர்ந்து எதையோ காண்பதாய் அச்சிலை அமைந்தது. கையிலே எழுதுகோல் இல்லை. காலடியிலே நூலடுக்கும் இல்லை.

1898இல் ஆண்டுக் கலைக்காட்சியிலே அச்சுதைச் சிலை வைக்கப்பட்டது. நகரமே திரண்டு வந்து நகைத்தது. பனிப்பொம்மை என்றார் சிலர். கடல்நாய் என்றார் சிலர். சாக்குக்குள் புகுந்த தேரை என்றாரும் உளர். சங்கத்தின் குழு, இதிலே பால்சாக்கைத் தான் காணவில்லை என்று தீர்மானம் எழுதி வெளியிட்டு, சிலையை மறுத்தது. எழுத்தாளனுக்கு எடுத்த சிலையை எழுத்தாளரே மறுத்தனர்.

அதன்பின் ரோடின் செய்தவற்றை மாணவர் கூர்ந்து நோக்கல் வேண்டும். நீதிமன்றத்தை நாடுமாறு தூண்டியவர் இருந்தனர், அவர் நாடிலர். ஓவியர் மொனே, இசைவாணர் தெபூசி முதலானோர் அவர் பக்கம் நின்றனர். அன்பர்கள் பணம் திரட்டிச் சிலையை வாங்க முன்வந்தனர். செல்வர் ஒருவரும் வாங்க முன்வந்தார். ரோடின் இருதிறத்தார்க்கும் கொடுக்கவில்லை. அவ்வாண்டிலே பிரான்சைப் பிளந்துகொண்டிருந்தது திரேய்பஸ் என்னும் யூதப் படையதிகாரியின் வழக்கு. சிலையை ஆதரித்தோருட் பலர் அவ்வழக்கில் ஒரு கட்சியினராய் இருந்தனர். தம் சிலை ஒரு கட்சியின் கொடியாகிவிடுமோ என்று ரோடின் அஞ்சினார். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிலையை மெதோன் என்னுமிடத்தில் உள்ள தம் இல்லத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பணி ஃபல்கியேர் என்னும் வேறொரு சிற்பிக்குப் போயிற்று. அவரோடும் ரோடின் பகை கொண்டிலர். இருவரும் ஒருவர் தலையுருவை மற்றவர் வடித்து நட்பைக் காத்தனர்.

சினம் தணிந்த பின்னர் ரோடின் அச்சிலையைப் பற்றிப் பலமுறை பேசினார். தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் திரண்ட வடிவம் அது என்றார். உண்மைக்கு அழிவுண்டாயின் இதனைப் பின்வருவோர் உடைத்தெறிவர். உண்மை அழியாததாயின் இது தன் வழியைத் தானே தேடிச்செல்லும் என்பது அவர் கருத்து. புகைப்படம் காட்டும் முகத்தை வடித்தல் தம் நோக்கமாய் இருந்ததில்லை என்பதையும் விளக்கினார். இவ்வாறு அவர் தம் விடையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 1908இல் ஸ்டைக்கன் என்னும் புகைப்படக் கலைஞர் மெதோன் சென்று, நிலவொளியிலே அச்சிலையைப் படம்பிடித்தார். அப்படங்களைக் கண்டோர் பலர் சிலையைப் புதுக்கண் கொண்டு நோக்கலாயினர். ரோடின் 1917இல் மறைந்தார். 1939இல் பால்சாக் செம்பு வடிவிலே பாரிசின் மொன்பார்னாஸ் பகுதியில் நிறுத்தப்பட்டார். மறுப்புக்கும் நிறுத்தத்துக்கும் இடையே நாற்பத்தோராண்டு. ஃபல்கியேர் செய்த சிலையும் 1902இலேயே அந்நகரின் வேறொரு வீதியில் நிறுத்தப்பட்டிருந்தது. விரும்புவோர் இரண்டையும் பார்த்துத் தாமே தீர்ப்புச் சொல்லலாம்.

இக்கதையைக் கேட்டவுடன் சங்கத்தார் அனைவரும் மூடர் என்று முடிவு செய்தல் எளிது, நேர்மை ஆகாது. அவர்கள் ஏழாண்டு காத்திருந்தனர். பொதுமக்கள் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பாளராய் இருந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் தடையை மறைக்காது எழுதி ஊரறிய வெளியிட்டனர். அத்தடை எழுத்தில் நின்றமையாலன்றோ பின்வந்தோர் அதனை எடுத்து ஆராய்ந்து, பிழையென்று காண முடிந்தது? மறுக்கப்பட்ட கலை யாவும் உயர்ந்த கலை என்று கொள்வதும் தவறு. தள்ளத்தக்கவையும் தள்ளப்படுவதுண்டு. எது எவ்வகையது என்று காலம் சொல்லுதற்குத் தடையும் வேண்டும். தடுக்கப்பட்ட பொருளும் அழியாதிருத்தல் வேண்டும்.

இனி, நம் ஊர்ப்பக்கம் வருவோம். நான் வாழும் சவளக்கடை வயல்சூழ்ந்த இடம், கிட்டங்கிப் பாலத்தைக் கடந்தால் கல்முனை, அப்பால் கடல். இக்கரையோர ஊர்களிலே பாரிசுச் சிலைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். முஸ்லிம் மக்கள் உருவச்சிலை நிறுத்தும் வழக்கமுடையரல்லர் என்பது மெய்யே. ஆயினும் வரவேற்பு வளைவு, மணிக்கூட்டுக் கோபுரம், சுற்றுவட்டத்து அமைப்பு, நினைவுத் தூபி எனப் பொதுவிடத்துக் கலை தமிழரூரிலும் முஸ்லிம் ஊரிலும் நாள்தோறும் எழுகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு உண்டு. ஒவ்வொரு குழுவின் முன்னும் சில வரைபடங்கள் விரிக்கப்படுகின்றன. ஒன்று கட்டடமாகின்றது. ஏனையவை எங்கே போகின்றன?

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அதன்பின் பல ஊர்கள் நினைவுச் சின்னம் எழுப்பின. என்னிடம் பயின்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர், சித்திரத்தில் வல்லவர், அத்தகைய ஒரு சின்னத்துக்குக் களிமண்ணால் மாதிரி செய்தார். மணலிலே பாதி புதைந்த தோணி. அதனைச் சுற்றி அமர்வதற்குப் படிகள். மனித உருவம் இல்லை, கோபுரமும் இல்லை. மாலையிலே முதியோர் வந்து அமர்ந்து, போனவர்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே அப்படிகளை அமைத்ததாகச் சொன்னார். குழுவொன்று அதனைப் பெற்றுக்கொண்டது. சில மாதம் சென்று அவர் போய்க் கேட்டபோது மாதிரி உடைந்து ஒரு மூலையிலே கிடந்தது.

"வேணாம் எண்டு சொன்னாலும் பரவாயில்ல சேர். ஏன் வேணாம் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார் அவர்.

அவர் அதன்பின் மண்ணைத் தொடவில்லை. அவருக்கு ரோடினின் வரலாற்றைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்கு வைக்க வீடு இருந்திச்சு சேர்" என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் விடை இல்லை. ரோடினின் பொறுமையைப் புகழும் நாம் அவர் பெற்றிருந்த வசதியை மறந்துவிடுகின்றோம். புகழும் பொருளும் இடமும் உடைய சிற்பி தம் மறுக்கப்பட்ட படைப்பைத் தாமே காத்துக்கொள்ளலாம். கடற்கரை ஊரிலே வாடகை வீட்டில் வாழும் இளைஞன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? அவன் பொருட்டுக் காத்து வைக்க வேண்டியவர் ஊரார்தாம்.

ஆதலின் ஆசிரியர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் ஒன்று கூற விழைகின்றேன். நம் ஊர்களிலே இத்தகைய குழுக்கள் கூடும்போது பள்ளி அதிபரும் ஆசிரியரும் பெரும்பாலும் அங்கே இருக்கின்றோம். வந்த மாதிரிகள் அனைத்தையும் முடிவுக்கு முன்னர் ஒரு பள்ளி மண்டபத்தில் ஒரு வாரம் வைத்து ஊரார் காணச் செய்தல் அரிதன்று. கொள்ளாத மாதிரிக்கு, கொள்ளாமைக்குரிய காரணத்தை நான்கு வரியில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தலும் அரிதன்று. பணம் போதாமையோ, இடம் போதாமையோ, வழிபாட்டு நெறிக்கு ஒவ்வாமையோ, எதுவாயினும் அதனைச் சொல்லலாம். கலைஞன் அதற்கு விடை எழுதினால் அதனையும் கேட்கலாம். வரைபடத்தின் படியொன்றைப் பள்ளி நூலகத்தின் ஓர் அலுமாரியில் வைத்தல் இவற்றினும் எளிது. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. தொல்காப்பியர் காலத்து அவையின் ஒழுங்கு இருந்தாற் போதும்.

கலைஞர்க்கும் ஒரு சொல். மறுப்புக்கு அஞ்சி ஊரார் கேட்கும் கோபுரத்தையே திரும்பத்திரும்ப வரைந்து கொடுப்பவன் மறுக்கப்படுதலினின்றும் தப்புவான். ஆயின் அவன் செய்தவற்றை மறுநாள் எவரும் நினையார். மறுத்தோரை ஏசிக்கொண்டே காலம் கழிப்பவனும் அடுத்த படைப்பை இழப்பான். தம் பணி பெற்றவரின் தலையையே வடித்துக் கொடுத்தார் ரோடின், கை ஓய்ந்திருக்கவில்லை.

இன்று ஒரு குழு தள்ளும் வரைபடம் எத்தகையது என்பதை நாம் அறியோம். பயனற்ற கிறுக்கலாகவும் இருக்கலாம். நாற்பதாண்டு கழித்து ஒரு நகரம் தேடிக்கொள்ளும் பால்சாக்காகவும் இருக்கலாம். அதனை அறியும் உரிமை நம் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. அவர்கள் அறிதற்குத் தடையை எழுதி வைப்போம். மாதிரியை உடையாது வைப்போம்.